ஏறாமல் இறங்கியவள்

ஒரு புதன்கிழமை காலை பதினொன்று இருபதுக்கு இசைவாணி அந்தச் சிவப்புக் காரின் மைல் எண்களைப் பூஜ்யத்துக்குத் திருப்பினாள். அந்தக் காரில் எப்போதாவது ஏறியவர்களில் உயிரோடிருந்த பதினான்கு பேரும் அதே நொடியில் அவரவர் ஏறிய இடத்தில் போய் நின்றார்கள். கூத்தாநல்லூரில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த ரஹ்மத் பீவி, தாம் மணப்பெண்ணாகக் கார் ஏறிய நாகூர் வீட்டு வாசலில் கத்தியோடு நின்றார். அந்த வீடு இப்போது செல்போன் கடையாகிவிட்டதால், கடைக்காரர் அவரிடம் ரீசார்ஜா, புது சிம்மா என்று கேட்டார். ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர் திருவாரூர் ரயில் நிலையத்துக்கு வெளியே பாதி சவரம் செய்த முகத்தோடு நின்றார். எல்லோரும் பஸ் பிடித்து வீடு வந்து சேர்ந்தார்கள். ரஹ்மத் பீவி மட்டும், வந்ததுதான் வந்தோம் என்று தர்காவில் ஓதிவிட்டு மறுநாள் வந்தார். அன்று மன்னார்குடியில் தக்காளி கிலோ முப்பத்தாறு ரூபாய், கத்திரிக்காய் நாற்பது.

இசைவாணிக்கு அப்போது முப்பத்தேழு வயது. மன்னார்குடி பேருந்து நிலையத்துக்குப் பின்னால், எட்டடிக்குப் பத்தடி அறையில் மீட்டர் பழுது பார்க்கும் கடை வைத்திருந்தாள். கூலிக்கு நடவு நட்ட தர்மாம்பாளின் மகள், பாலிடெக்னிக்கில் அளவுக் கருவிகளைப் பற்றிப் படித்தவள். டிராக்டர், லாரி, அரிசி ஆலைக் கொதிகலன் என்று ஊசி ஆடுகிற எதைக் கையில் கொடுத்தாலும் அதை உண்மை பேச வைத்துவிடுவாள். பழைய கார் தரகர்கள், எண்பதாயிரம் ஓடிய வண்டியை முப்பதாயிரமாக்கித் தரச் சொல்லிப் பதினைந்து வருடமாக அவள் கடைக்கு நடையாய் நடந்தார்கள். ஒருவருக்கும் அவள் மசியவில்லை. அந்த விஷயத்தில் அவளுக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு, அது முகத்திலும் தெரியும்.

அவளுடைய கணவன் அன்பரசன் மலேசியாவில், குவாந்தான் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறான். கல்யாணமாகிப் பதினோரு வருடம். இரண்டு வருடத்துக்கு ஒரு மாதம் வருவான். கூட்டிப் பார்த்தால் இருவரும் ஒரே கூரைக்குக் கீழே இருந்தது அரை வருடம் தேறும், மீதியெல்லாம் போன். அவனுடைய பெர்மிட்டில் மனைவியைக் கூட்டிப்போக வழியில்லை. இந்த நிலையில்தான் குவாந்தானிலேயே ஒரு செம்பனை எண்ணெய் ஆலை, அளவுக் கருவிகளைப் பார்த்துக்கொள்ள ஆள் தேடி, போனிலேயே அவளைக் குடைந்து கேள்வி கேட்டு, வேலைக்கு எடுத்துக்கொண்டது. விசா வந்த நாளிலிருந்து அறுபது நாளுக்குள் போய்ச் சேர வேண்டும். கையில் இருந்த ஒரே வேலை கூத்தாநல்லூர் உபைதுல்லாவின் சிவப்புக் கார். அதை முடித்துக் கொடுத்துவிட்டுக் கடையைப் பூட்டிவிடலாம் என்று இருந்தாள்.

அது இங்கிலாந்தில் செய்த கார். இரண்டே இருக்கை, கூரை கிடையாது. உபைதுல்லாவின் தந்தை பினாங்கில் ஜவுளி விற்றுச் சம்பாதித்து, 1959இல் கப்பலில் ஏற்றி நாகப்பட்டினத்தில் இறக்கியது. வாய்க்காலும் வயலுமான இந்த ஊருக்குப் பந்தயக் கார் எதற்கு என்று கேட்டவர்களையெல்லாம் அவர் ஏற்றி ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டியே வாயை அடைத்தார். 1991இல் அவர் மௌத்தானதும் கார் கொட்டகைக்குள் போனது. பழுது பார்க்க வந்த ஒரு மெக்கானிக், டாஷ்போர்டில் இருந்த கருவிகளை ஒவ்வொன்றாகக் கழற்றி விற்று ஏப்பம் விட்டான். முப்பது வருடம் கழித்து உபைதுல்லா எஞ்சினை உயிர்ப்பித்து, சிவப்பு அடித்து, தோல் இருக்கை தைத்து முடித்தபோது, ஓட்டுகிறவர் முகத்துக்கு நேரே ஆறு ஓட்டைகள் மட்டும் பாக்கி நின்றன.

அந்த ஆறையும் இசைவாணி எட்டு மாதம் தேடினாள். எண்ணெய் அழுத்தம் காட்டும் கருவி வடுவூர்ப் பக்கம் ஒரு பம்ப்செட்டில் இருந்தது. அம்மீட்டர் ஒரு கதிரடிக்கும் மிஷினில் இருந்தது. தண்ணீரின் சூடு காட்டும் கருவி நீடாமங்கலத்தில் நெல் அவிக்கிற ஆலையில், தலைமுடி போன்ற செப்புக் குழாய் ஒடியாமல் வேலை செய்துகொண்டிருந்தது. பெட்ரோல் காட்டியை ஒரு கல்யாண மண்டபத்து ஜெனரேட்டரில் கண்டுபிடித்தாள். எஞ்சின் சுற்றைக் காட்டும் கருவி மட்டும் உள்ளூரில் அகப்படாமல், இங்கிலாந்தில் ஒரு பெரியவரிடமிருந்து தபாலில் வந்தது. வேகம் காட்டும் கருவி உபைதுல்லாவின் மனைவி ரஹ்மத் பீவியின் பீரோவில் பட்டுப்புடவைகளுக்கு அடியில் இருந்தது. கழற்ற வந்த மெக்கானிக்கிடம் அது சுவர்க் கடிகாரம் என்று சாதித்து அவர் காப்பாற்றியிருந்தார். இசைவாணி வளையங்களுக்குக் குரோம் பூச வைத்தாள், போட்டோ ஃபிரேம் கடையில் கண்ணாடி வெட்டினாள், மங்கிய எண்களின் மேல் மெல்லிய தூரிகையால் அதே கிரீம் நிறத்தை ஓட்டினாள். மைல் என்று இருந்த இடத்தில் மைல் என்றே எழுதினாள்.

கடைசியில் வேகமானியைத் திறந்தபோதுதான் உபைதுல்லா அந்த ஆசையைச் சொன்னார். அதில் ஓடிய தூரம் காட்டும் எண்ணைப் பூஜ்யத்தில் வைக்கச் சொன்னார். அவள் தயங்கினாள்.

"வித்துக் காசு பார்க்கவா கேக்குறேன், வாணிம்மா? வாப்பா ஓட்டுனது வாப்பாவோட போச்சு. நாமளும் ஒரு தடவ முட்டையிலேருந்து ஆரம்பிப்போமே."

யாரையும் ஏமாற்றாத காரியம் என்பதால் அவளுக்கும் சரியாகத்தான் பட்டது. எந்த மீட்டரைத் திறந்தாலும் முதலில் அதில் உள்ள எண்ணை நோட்டில் எழுதுவது அவள் வழக்கம். அன்று காலை விசா வந்துவிட்டதாகச் செய்தி வந்திருந்தது, மனம் குவாந்தானில் இருந்தது, எழுத மறந்தாள். ட்வீசரால் கடைசிச் சக்கரத்தைத் தள்ளினாள். மறு நொடி அவள் கடையில் இல்லை. கூத்தாநல்லூர் சாலையில் ஏழாவது கிலோமீட்டரில் இருக்கும் முள்ளியடி மதகின் கைப்பிடிச் சுவர்மேல், கையில் ட்வீசரோடு உட்கார்ந்திருந்தாள். கீழே வாய்க்காலில் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. இறங்கி நின்றாள், அடுத்த அடி வைத்தாள், மறுபடி சுவர்மேல் உட்கார்ந்திருந்தாள். வலப்பக்கம் போனாலும் அதுதான், இடப்பக்கம் போனாலும் அதுதான். ஒன்பது தடவை முயன்று பார்த்துவிட்டு அழுதாள்.

தர்மாம்பாள் அரை மணி நேரத்தில் வந்து சேர்ந்தார். அவரும் அந்தப் பதினான்கு பேரில் ஒருவர். 1987 ஐப்பசி மழையில், நிறைமாதமாக இருந்த அவரை உபைதுல்லாவின் தந்தை களத்துமேட்டில் கண்டு, மன்னார்குடி ஆஸ்பத்திரிக்குக் காரில் ஏற்றிப் போயிருக்கிறார். அந்தக் களத்துமேட்டில் இப்போது டைல்ஸ் கடை. தர்மாம்பாள் டைல்ஸ் அடுக்குகளுக்கு நடுவே தோன்றி, வழி கேட்டு வெளியே வந்து, நேராக மதகுக்கு நடந்தார். மகளை அங்கே பார்த்ததில் அவருக்கு ஆச்சரியம் ஒன்றும் இல்லை.

"நாங்கல்லாம் எங்கயாச்சும் ஒரு எடத்துல ஏறுனோம். நீ எங்கடி ஏறுன? இந்த மதகு தாண்டயில காரு தண்ணியில நின்னுபோச்சு. உள்ளயே பொறந்த, இங்கயேதான் ஒன்னயத் தூக்கி எறக்குனாரு. நீ ஏறவே இல்ல, எறங்குனதோட சரி."

"அதுக்கு நான் என்னம்மா செய்வேன்?"

"என்னயக் கேட்டா? நம்பரத் திருப்புனது நீதான."

அவள் கடைக்குப் பக்கத்துத் தையல் கடை பாத்திமா, செய்தி கேட்டு, மேசையில் கிடந்த வேகமானியையும் திருப்புளிகளையும் பழைய மீட்டர்கள் கிடந்த டப்பாவையும் ஸ்கூட்டியில் கொண்டுவந்து கொடுத்தாள். இசைவாணி எண்களை முன்னால் தள்ளிப் பார்த்தாள். முப்பதாயிரம் வைத்தாள், நாற்பதாயிரம் வைத்தாள், ஒன்றும் நடக்கவில்லை. ஓடாத தூரத்தை அந்தக் கார் ஒப்புக்கொள்ளவில்லை. அப்படியானால் ஓடத்தான் வேண்டும். ஆனால் எண்களைச் சுற்றுகிற பல்சக்கரம் தேய்ந்து வழுக்கியது. டப்பாவில் கிடந்த நம்மூர்க் கார் மீட்டர் ஒன்றிலிருந்து ஒரு சக்கரத்தைக் கழற்றி வைத்துப் பார்த்தாள், கச்சிதமாக உட்கார்ந்தது. கடையில் என்றால் பல்லை எண்ணி, சோதனை மோட்டாரில் ஒரு மணி நேரம் ஓட்டிப் பார்த்திருப்பாள். மதகுச் சுவர்மேல், உச்சி வெயிலில், காலையிலிருந்து சிறுநீர் கழிக்காமல் உட்கார்ந்திருக்கிற ஒருத்தியிடம் அதையெல்லாம் எதிர்பார்ப்பது அநியாயம். உபைதுல்லா காரை டெம்போவில் ஏற்றிக்கொண்டு வந்தார், அவள் கைக்கு எட்டும்படி ஓரமாக நிறுத்தினார். கருவியை மாட்டி, கேபிளை முடுக்கினாள். அவர் ஓட்டிக்கொண்டு போனார். எண் ஒன்று ஆனபோது மதகைவிட்டு ஒரு கிலோமீட்டர் தூரம்வரை அவளால் போக முடிந்தது. முதல் காரியமாக டீக்கடைக்காரர் வீட்டுக் கழிவறைக்குப் போனாள்.

கார் எவ்வளவு ஓடுகிறதோ அவ்வளவுதான் அவளுடைய உலகம் என்பது இரண்டே நாளில் எல்லோருக்கும் பிடிபட்டுவிட்டது. எண் ஏழைத் தொட்ட அன்று கடைக்குப் போனாள். நாற்பதைத் தாண்டியபோது தஞ்சாவூர். உபைதுல்லா காலையும் மாலையும் காரை எடுத்தார். அறுபத்திரண்டு வயதில், குறுவை அறுத்த நெல்லைச் சாலையில் பாதிக்குக் காயப்போட்டிருந்த நாட்களில், நெல்லை மிதிக்காமல் ஒதுங்கி ஒதுங்கி முப்பது ஓட்டுவதற்குள் அவருக்கு முதுகு கழன்றது. எல்லையைத் தாண்டினால் என்ன என்று ஒரு நாள் அவள் வேண்டுமென்றே திருச்சி பஸ்ஸில் உட்கார்ந்திருந்தாள். வல்லம் தாண்டியதும் மதகுமேல் இருந்தாள், டிக்கெட் கையில் இருந்தது. அன்றிலிருந்து பஸ்ஸில் தூங்குவதை விட்டுவிட்டாள். சொந்த ஊரில், தெரிந்த முகங்களுக்கு நடுவே, கதவில்லாத ஒரு அறைக்குள் அடைத்து வைத்திருப்பதாகவே அவளுக்கு இருந்தது. அன்பரசன் தினமும் போனில் எண்ணைக் கேட்பான். நானூற்றுப் பன்னிரண்டு என்பாள். பரவாயில்லையே, வேகமாத்தான் வர்ற என்பான்.

மதகிலிருந்து குவாந்தானுக்கு நேர்க்கோட்டில் ஆயிரத்து எழுநூற்றுப் பன்னிரண்டு மைல். கருவியின் முகத்தில் மைல் என்று எழுதியிருந்ததால் அவள் மைலில்தான் கணக்கிட்டாள். ஐம்பத்தெட்டாவது நாள் மாலை உபைதுல்லா அந்த எண்ணைத் தொட்டார். குறைவாகப் போய்விடக் கூடாது என்று மன்னார்குடித் தெப்பக்குளத்தைச் சுற்றிச் சுற்றி மேலும் பத்து ஓட்டினார். மறுநாள் காலை திருச்சியில் அவள் விமானம் ஏறினாள். தர்மாம்பாள் கொடுத்த எலுமிச்சை ஊறுகாய் பெட்டிக்குள் இருந்தது. பதினோரு வருடத்தில் முதல் தடவையாக, திரும்பி வரும் தேதி இல்லாத ஒரு பயணம். மேகத்துக்கு மேலே போனதும் அவளுக்குச் சிரிப்பு வந்தது, பக்கத்து இருக்கைக்காரர் பார்ப்பதையும் பொருட்படுத்தாமல் சிரித்தாள்.

இரண்டு மணி நேரம் கடந்து, சுமத்ராவின் முனை கோடாகத் தெரியத் தொடங்கியபோது, இசைவாணி முள்ளியடி மதகுமேல் உட்கார்ந்திருந்தாள். கையில் விமானத்தில் கொடுத்த தேநீர், ஒரு சொட்டுச் சிந்தவில்லை. விமானத்தில் அவளுடைய இருக்கையில் பெல்ட் பூட்டியபடியே இருந்ததாகப் பிறகு தெரிந்தது. கோலாலம்பூரில் சாமான்கள் வருகிற இடத்தில் அவள் பெட்டி மட்டும் நாலு சுற்றுச் சுற்றியது. விமான நிறுவனத்து ஆள் அதை வெளியே கொண்டுவந்து அன்பரசனிடம் கொடுத்துவிட்டான். அவன் போன் செய்தான்.

"பெட்டி வந்துருச்சு. நீ எங்க வாணி?"

"மதகுல."

அவன் அங்கேயே பெட்டியைத் திறந்து பார்த்தான். பிறகு ஊறுகாய் கசிந்திருக்கிறது என்று சொன்னான்.

அன்றே அவள் கருவியைக் கடைக்கு எடுத்துப்போய்ப் பிரித்தாள். பல்லை எண்ணினாள். நம்மூர்க் காரின் சக்கரம் கிலோமீட்டர் எண்ணுகிற சக்கரம். முகத்தில் மைல் என்று எழுதி வைத்துக்கொண்டு, வயிற்றுக்குள் அது கிலோமீட்டராக எண்ணிக்கொண்டிருந்திருக்கிறது. ஆயிரத்து எழுநூறு மைல் என்று அவள் நம்பியது ஆயிரத்து எழுநூறு கிலோமீட்டர்தான், பாதி வழியைக் கொஞ்சம் தாண்டிய தூரம். இரண்டு மாதம் ஊரே பார்த்துக்கொண்டிருந்தும் ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை. சாலையோரத்துக் கல்லெல்லாம் கிலோமீட்டர் கல், எண் ஏழு என்றால் ஏழு கல் தூரம் போக முடிந்தது, பின் யார் கேட்பார்கள். ஊரில் எல்லா மீட்டரின் பொய்யையும் பிடித்தவள் தன் கையால் மாட்டிய பொய்யைப் பிடிக்கவில்லை. அவள் அந்தச் சக்கரத்தை எறியவில்லை, உடைக்கவில்லை. மேசைமேல் வைத்துவிட்டு, தலையில் மடார் மடார் என்று அடித்துக்கொண்டாள். பாத்திமா வந்து கையைப் பிடித்தாள்.

உபைதுல்லா, தப்பு தன்னுடையது, முட்டை கேட்டது தான்தான் என்று சொல்லிவிட்டு மறுநாள் காலை வழக்கம்போலக் காரை எடுத்தார். அறுபது நாள் கெடு முடிந்து, ஆலை வேறு ஆளை வைத்துக்கொண்டது. இசைவாணி இப்போது காசிவரை போகலாம், போகவும் செய்தாள்; தாயையும் கூட்டிப்போனாள். இந்தியாவில் பாதியைச் சுற்ற முடிகிற ஒருத்தி அடைபட்டிருக்கிறாள் என்று சொன்னால் ஊர் சிரித்தது. போகாத இடமெல்லாம் திறந்து கிடக்கிறது, போக வேண்டிய இடம் ஒன்றுதான் வெளியே இருக்கிறது என்பதை அவள் யாருக்கும் விளக்கவில்லை. தை மாதம் எண் இரண்டாயிரத்து அறுநூற்று அறுபதில் இருந்தபோது, கூத்தாநல்லூர் பாலத்தருகே காரின் கிராங்க் ஷாஃப்ட் இரண்டாக உடைந்தது. அதற்கு மாற்று உலகத்தில் எங்கேயும் கிடைக்கவில்லை. காரைக் கட்டி இழுத்துப் பார்த்தார்கள், எண் ஓடியது, எல்லை நகரவில்லை. வேறு எஞ்சின் மாட்டியும் ஓட்டிப் பார்த்தார்கள், அது வேறு கார் ஆகிவிட்டது. குவாந்தானுக்கு இன்னும் தொண்ணூற்றைந்து கிலோமீட்டர் இருந்தது.

அந்தத் தொண்ணூற்றைந்துக்கு இந்தப் பக்கம் தெமர்லோ என்று ஓர் ஊர், ஆற்றங்கரையில். அங்கேயும் ஒரு செம்பனை ஆலைக்கு மீட்டர் பார்க்கிற ஆள் தேவைப்பட்டது. அடுத்த ஆண்டு சித்திரையில் இசைவாணி மறுபடி விமானம் ஏறினாள். இந்த முறை பெட்டியோடு அவளும் வந்து சேர்ந்தாள். அன்பரசன் அவளைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் பெட்டியைத் தூக்கினான். அந்த ஊரில் எங்கே வேண்டுமானாலும் நிம்மதியாகக் குடியிருந்திருக்கலாம். அவள் சம்மதிக்கவில்லை. போனில் தூரம் பார்த்துப் பார்த்து, தெருத் தெருவாகக் கிழக்கே நடந்து, எல்லை சரியாக எந்த வீட்டுக்குள் போகிறதோ அந்த வீட்டைத்தான் வாடகைக்குப் பிடித்தாள்.

"ரெண்டு தெரு தள்ளிப் போனா பயமில்லாம இருக்கலாமே வாணி."

"உபைதுல்லா பாய் முதுகு கழண்டு ஓட்டிக் குடுத்தது. ஒரு சாண் கூட விட மாட்டேன்."

அன்பரசன் சனிக்கிழமை மாலை பைக்கில் வந்து திங்கள் விடியலில் திரும்புகிறான். எல்லைக் கோடு சமையலறைத் தண்ணீர்க் குழாய்க்குச் சற்று முன்னால் தொடங்கி, படுக்கையறைக் கட்டிலை நீளவாக்கில் பாதியாகப் பிரித்துக்கொண்டு போகிறது. தண்ணீரை வாரத்துக்கும் சேர்த்து அவன் குடங்களில் பிடித்து வைத்துவிட்டுப் போவான். ஒருமுறை, கொடியில் காய்ந்த துணியை எடுக்கக் கை நீட்டியபோது அவள் போய்விட்டாள். முள்ளியடி மதகிலிருந்து உபைதுல்லா ஸ்கூட்டரில் கூட்டிப்போய்ச் சோறு போட்டார். மலேசியாவைவிட்டு வெளியேறியதற்கு முத்திரை இல்லாததால் திரும்பி வர ஐந்து வாரம் ஆனது. இப்போது குடிநுழைவு அலுவலகத்தில் அவளுக்கென்று தனிக் கோப்பு இருக்கிறது, ஒன்றும் கேட்காமல் முத்திரை வைக்கிறார்கள். கட்டிலின் கிழக்குப் பாதியில் அன்பரசன் படுக்கிறான், அவள் தூக்கத்தில் அந்தப் பக்கம் புரண்டுவிடாமல். அவன் இல்லாத ஐந்து நாளும் அவள் தன் பாதியின் ஓரத்தில் இரண்டு தலையணைகளை அணையாக வைத்துவிட்டு, கையை மட்டும் மடக்கி நெஞ்சோடு வைத்துக்கொண்டு தூங்குகிறாள்.